'கம்ப்யூட்டர் ஸ்லோ' என்றால் போதுமா?



2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கம்ப்யூட்டர் பில் நம்மில் பலருக்கும் அன்றாடத் தேவையாகிவிட்டது. கல்லாவில் ஒன்று, குடோனில் ஒன்று என வைத்து, கணக்கு முழுவதும் இருக்கும் சர்வர் என்ற தாய்க் கம்ப்யூட்டருடன் ஒயரால் இணைத்திருக்கிறோம். இந்த இணைப்பு மந்தமானால் வாசலில் வண்டி காத்து நிற்கும். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஒரு தீபாவளி சமயத்தில் எங்கள் கடையில் ஒரு பில் போட ஐந்து நிமிடம் ஆயிற்று. 'சிஸ்டம் ஸ்லோ' என்று மூன்று நாள் போன் செய்தோம். 'ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்' என்பதே பதில். கல்லாவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியும் மந்தம் தீரவில்லை. பிறகு பார்த்தால், குடோன் வழியாகச் சர்வருக்குப் போகும் ஒயரின்மேல் 50 கிலோ சர்க்கரை மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அறுந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நசுங்கியதால் தகவல் வழியில் தவறி, திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. பழுது ஒயரில், செலவோ கம்ப்யூட்டருக்கு!

தவறு நம்முடையதே. மில்லுக்குப் புகார் செய்யும்போது 'சரக்கு சரியில்லை' என்று மட்டுமா சொல்கிறோம்? எந்த லாரி, எத்தனை மூட்டை, மூட்டைக்கு எத்தனை கிலோ குறைவு என்று கணக்காகச் சொல்கிறோம். அதே முறை இங்கும் வேண்டும். போன் செய்யுமுன் பார்க்க வேண்டியவை:

1. மந்தம் ஒரு கம்ப்யூட்டரிலா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் முதலில் அதன் ஒயரைப் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் சர்வரையோ, ஒயர்கள் கூடும் ஸ்விட்ச் பெட்டியையோ சந்தேகிக்கலாம்.

2. சர்வரிலேயே உட்கார்ந்து ஒரு பில் போடுங்கள். அங்கு வேகமாக வந்தால் கோளாறு பெரும்பாலும் வழியில். அங்கும் மந்தம் என்றால் சர்வரில்.

3. பில் விரைவாக வந்து, இ-வே பில் மட்டும் தாமதித்தால் கடைக்குள் தேட வேண்டாம். அது இன்டர்நெட் விஷயம்.

4. கல்லாக் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்கு 'பிங்' செய்யும் முறையைப் பையனிடம் கற்றுக்கொள்ளுங்கள். கடைக்குள் ஒயர் இணைப்பில் பதில் ஓரிரு மில்லி செகண்டில் வர வேண்டும். இடையிடையே 'டைம்டு அவுட்' என்று வந்தால் தகவல் வழியில் தொலைகிறது.

5. நல்ல ஒயர் ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஒயர் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

இவற்றை ஒரு நோட்டில் தேதி, நேரத்துடன் குறியுங்கள். திரையில் வந்த வாசகத்தை அப்படியே எழுதுங்கள். அண்மையில் கடையில் என்ன மாறியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டை இடம் மாறியதுகூடக் காரணமாகலாம். பிறகு போன் செய்து, 'கல்லாவில் மட்டும், காலை பத்து மணி முதல், சர்வரில் வேகம் சரி, பத்து பிங்கில் மூன்று தவறுகிறது' என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சர்வரில் யாரையும் கைவைக்க விடுமுன் கணக்குக்கு நகல் எடுங்கள். தாமாகவே போன் செய்து பாஸ்வேர்டு கேட்பவருக்கு எதையும் சொல்லாதீர்கள்.

நோட்டு ஒன்றும் பத்து நிமிடப் பொறுமையும் இருந்தால் சீசன் நேரத்து வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இன்றே மூட்டைகளுக்கு அடியில் ஒயர் போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.