கட்டிலருகே ஒரு கடுஞ்சொல்



2024 நவம்பர் 13 அன்று, கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்திய செய்தி நம் எல்லாரையும் கலங்கச் செய்தது. மருத்துவர் உயிர் பிழைத்தார். வெளியிலிருந்து வரும் இத்தகைய தாக்குதலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே உண்டு. இந்த இதழில் நாம் கற்க விரும்புவதோ சத்தமில்லாத வேறொன்று: நர்சுகளுக்குள்ளேயே ஒருவர் மற்றவரை வதைப்பது.

இதில் அடியும் இல்லை, ரத்தமும் இல்லை. நோயாளியின் உறவினர் பார்த்திருக்க, "இதுகூடத் தெரியாதா? எந்த காலேஜில் படித்தாய்?" என்று ஒரு கேள்வி. டூட்டி மாறும்போது பாதி விவரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது. மிகக் கஷ்டமான கட்டிலை எப்போதும் புதியவளுக்கே ஒதுக்குவது. சாப்பாட்டு வேளையில் ஒருவரும் பேசாமல் இருப்பது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் அற்பம். புகாராக எழுதினால் எழுதியவளே சிறுபிள்ளையாகத் தெரிவாள், ஆகையால் எழுதுவதில்லை. அமெரிக்காவில் ஜூடித் மைஸ்னர் 1986-லேயே, நர்சுகள் தங்கள் குஞ்சுகளைத் தாங்களே தின்கிறார்களா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார்.

அவசர சிகிச்சையிலும் ஐ.சி.யூ.விலும் இது ஏன் அதிக ஆபத்து? இரவு இரண்டு மணிக்கு டாக்டர் போனில் ஒரு மருந்தின் அளவைச் சொல்கிறார். சரியாகக் கேட்கவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும் என்பதே முறை. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து பம்பில் ஓடும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் போதும். ஆனால் போன வாரம் கேட்டதற்கு ஏளனம் வாங்கியவள் இன்று வாய் திறப்பாளா? அவளுக்கு நேர்ந்த அவமானம் கட்டிலில் கிடப்பவர்மேல் வந்து விழுகிறது.

மூத்த நர்சுகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனமில்லை. பலர் இப்படியே வளர்க்கப்பட்டவர்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ் வேண்டிய இடத்தில், ஒருத்தியே இரண்டு மூன்று பேரைக் கவனித்தால் பொறுமை எத்தனை நேரம் நிற்கும்?

பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் மார்த்தா கிரிஃபின் 26 புதிய நர்சுகளுக்கு இதைப் பாடமாகவே நடத்தினார். சீண்டலுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று சிறு அட்டைகளில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளக் கொடுத்தார். நேராகப் பேசியபோது அந்த நடத்தை நின்றது என்று 2004-ல் எழுதினார். நம் ஊரில் இளையவள் அக்காவிடம் அப்படிப் பேசிவிட முடியுமா என்பது சந்தேகமே. "அக்கா, இந்த ஆர்டரை இன்னொரு முறை சேர்ந்து பார்க்கலாமா?" என்பதுவரை வருவாள். அதற்கு எரிந்து விழாமல் இருக்க, அட்டையை முதலில் ஷிப்ட் இன்சார்ஜ் கையில் கொடுக்கவேண்டும் என்பது நம் எண்ணம்.

உங்கள் சபையிலும் ஐ.சி.யூ.வில் வேலை செய்யும் ஒரு பிள்ளை இருக்கலாம். இரவு டூட்டி முடித்து ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது வேலை எப்படி என்று கேளுங்கள். "நல்லாயிருக்கு" என்பாள். உடனே நகர்ந்துவிடாமல், "கூட இருக்கிறவங்க எப்படிம்மா?" என்றும் கேட்டுப் பாருங்கள்.