வராதவர்களிடம் முதலில் கேள்

அன்புள்ள கயலுக்கு,

உன் திட்ட வரைவைப் படித்தேன். முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம், அவசியமான வேலை. ஆனால் செலவுக் கணக்கை ஒருமுறை பார். துண்டுப் பிரசுரம், சுவர் விளம்பரம், ஆட்டோவில் ஒலிபெருக்கி, பள்ளி மைதானத்தில் கூட்டம். நான்கும் தகவல் சொல்கிற வேலையைத்தான் செய்கின்றன. பெண்கள் வராததற்குக் காரணம் அறியாமைதான் என்று யாரையும் கேட்காமலே முடிவு கட்டிவிட்டாய்.

1950களில் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறைக்கும் இதே சிக்கல் இருந்தது. காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பினார்கள், கட்டணம் கிடையாது. அப்படியும் பலர் வரவில்லை. அங்கே பணியாற்றிய உளவியலாளர் காட்ஃப்ரி ஹாக்பாம், பாஸ்டன், கிளீவ்லாண்ட், டெட்ராய்ட் நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார். இந்த நோய் தங்களுக்கும் வரலாம் என்று நினைக்கிறார்களா? முன்கூட்டியே கண்டுபிடித்தால் பயன் உண்டு என்று நம்புகிறார்களா? இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாங்களாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம் பேர்தான். 1958இல் வெளிவந்த அந்த ஆய்விலிருந்தும் அவருடைய சகாக்களின் உழைப்பிலிருந்தும் வளர்ந்ததுதான் நீ பாடத்தில் படித்த ‘ஹெல்த் பிலீஃப் மாடல்’. நோயின் கடுமை, குறுக்கே நிற்கும் தடைகள், கிளம்ப வைக்கும் தூண்டுதல் ஆகியவையும் அதில் இடம்பெற்றன. ஆல்பர்ட் பந்துரா 1977இல் முன்வைத்த ‘என்னால் இது முடியும்’ என்ற நம்பிக்கை பிற்பாடு சேர்ந்தது. இந்த ஆறையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பாய். களத்தில் இவை ஒரு பெண்ணின் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்.

உனக்கு முன்னால் இதே வேலையைத் திண்டுக்கல் மாவட்டத்தில் செய்திருக்கிறார்கள். 2000 முதல் 2003 வரை, நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் செய்தார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: ஒப்பீட்டுக் குழுவைவிட இந்தப் புற்றுநோயால் இறந்தவர் விகிதம் 35 சதவீதம் குறைவு. நான் உன்னைப் பார்க்கச் சொல்வது இன்னொரு கணக்கை. சோதனைக்குத் தகுதியான பெண்கள் 49,311, வந்தவர்கள் 31,343. ஏறத்தாழ பதினெட்டாயிரம் பேர் வரவில்லை. வந்தவர்களில் புற்றுக்கு முந்தைய மாற்றம் உறுதியானவர்களிலும் 72 சதவீதம் பேருக்குத்தான் சிகிச்சை போய்ச் சேர்ந்தது. மாற்றம் தெரிந்த பிறகும் கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் நின்றுபோயிருக்கிறார்கள். துண்டுப் பிரசுரம் அவர்களுக்கு எதைச் செய்யும்?

தடை என்று பாடப்புத்தகம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. ஊரில் அது பல முகம் காட்டும். வலி இல்லாதபோது டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும் என்பாள் ஒருத்தி. ஆண் டாக்டர் பார்ப்பாரோ என்று ஒருத்திக்குக் கூச்சம். நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி போகும் என்று ஒருத்திக்குக் கவலை. ‘உனக்கு எதற்கு அந்த டெஸ்ட்?’ என்று மாமியார் கேட்டால் என்ன சொல்வது என்று தயங்குபவள் உண்டு. ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற பயத்தில் வராதவளும் உண்டு. இந்தக் கடைசிப் பெண்ணுக்கு நோயின் கடுமை நன்றாகவே தெரியும். அவளிடம் போய்ப் படம் போட்டுப் பயமுறுத்தினால் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பயத்தைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. 1965இல் ஹோவர்ட் லெவந்தாலும் சகாக்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய பிரசுரங்கள் கொடுத்தார்கள். பயமுறுத்தல் கூடியபோது ஊசி போட்டுக்கொள்ளும் எண்ணம் கூடியது. போட்டுக்கொண்டவர்களின் எண்ணிக்கை அப்படிக் கூடவில்லை. ஊசி போடும் இடத்தைக் குறித்த வரைபடமும் எந்த நேரத்தில் போவது என்று யோசித்து வைக்கச் சொல்லும் குறிப்பும் சேர்ந்தபோது சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். அவை இல்லாதவர்களில் 3 சதவீதம். அந்த இடம் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்பதை மறந்துவிடாதே.

ஆகவே பிரசுரம் அச்சடிக்கும் முன், இதுவரை சோதனைக்கு வராத பெண்களிடம் தனித்தனியாகப் பேசு. பதில்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுது. பிறகு ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ஒரு செயலை வை. கூலி தடையென்றால் முகாமை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று. கூச்சமென்றால் பெண் நர்ஸ்தான் பார்ப்பார் என்பதை முதல் வரியிலேயே சொல். மாமியார் தடையென்றால் அவரையும் பேச்சில் சேர்த்துக்கொள். முடிவுக்குப் பயப்படுகிறவளிடம், ஏற்கெனவே சோதித்து, சிகிச்சையும் முடித்து, நலமாக இருக்கும் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் மனமுவந்து பேசினால் அதுவே போதும். எந்தக் காரணத்துக்கும் எதிரே வராத செயலை வரைவிலிருந்து எடுத்துவிடு.

‘ஹெல்த் பிலீஃப் மாடல்’ மீது எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாவற்றையும் தனி மனிதரின் மனதில் தேடச் சொல்கிறது. துணை சுகாதார நிலையத்தில் மறைப்புத் திரை இல்லை, சிகிச்சைக்கு அனுப்பும் ஆஸ்பத்திரிக்கு பஸ் இல்லை என்றால் அந்தப் பெண்ணின் நம்பிக்கையை மாற்றி என்ன பயன்? அப்படிப்பட்ட காரணங்களைத் தனித் தாளில் எழுதி உன் மேலதிகாரியிடம் கொடு. பெண்களிடம் அவற்றைப் பற்றிப் பாடம் நடத்தாதே.

பட்டியல் தயாரானதும் அனுப்பு. பட்ஜெட்டை அதன் பிறகு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை