பூட்டிய போனிலும் வீட்டு எண் தெரியட்டும்

சாலையில் விழுந்து நினைவு தப்பியவரை 108 ஆம்புலன்ஸ் மருத்துவமனையில் சேர்த்துவிடும். சிகிச்சையும் உடனே தொடங்கிவிடும். 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தபிறகு, அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் கட்ட ஆள் தேடவேண்டிய கவலையும் தமிழ்நாட்டில் குறைந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்கு யார் சொல்வது? போன் சட்டைப்பையில் இருக்கிறது, பூட்டியிருக்கிறது. "ஏன் இன்னும் வரலை?" என்று வீட்டிலிருந்து யாராவது தாமாகக் கூப்பிடும்வரை, பதிவேட்டில் அவர் 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 40'. சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல அருகில் ஆள் இல்லை.

ஆதார் இருக்கிறதே, கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். ஆம்புலன்ஸ் ஊழியரோ மருத்துவமனையோ ஆதார் எண்ணைத் தட்டி உங்கள் குடும்பத்தின் போன் எண்ணை எடுக்க முடியாது. வண்டி எண்ணை வைத்துக் காவல்துறை உரிமையாளரைத் தேடும். ஆனால் பெயர் மாற்றாமல் ஓட்டும் பழைய வண்டியாக இருந்தால், அழைப்பு போவது அதை உங்களுக்கு விற்றவருக்கு. வேலையை நாம்தான் செய்துவைக்க வேண்டும். மொத்தமும் அரை மணி நேரத்தில் முடியும்.

முதலில் போனைத் தொடாதீர்கள், ஆட்களை முடிவு செய்யுங்கள். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கணவர் போனில் மனைவி எண், மனைவி போனில் கணவர் எண். இருவரும் ஒரே பைக்கில் போய் விழுந்தால் இரண்டு எண்ணும் விபத்து நடந்த இடத்திலேயே ஒலிக்கும். ஆகவே குறைந்தது மூன்று பேர் வேண்டும்: உடன் வசிக்கும் ஒருவர், உங்களோடு பயணம் செய்யாத ஒருவர், வெளியூரில் இருக்கும் ஒருவர். வெளியூர் ஆள் எதற்கு என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் போன் இணைப்பே செத்துப்போனது. அப்படிப்பட்ட நாளில் மதுரையில் இருக்கும் சித்தப்பா எல்லோருக்கும் தகவல் மையமாக இருக்க முடியும். தெரியாத எண் வந்தால் எடுக்காதவரை முதல் பெயராகப் போடாதீர்கள், அவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும்.

இனி போன். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' என்பதைத் திறந்தால் 'எமர்ஜென்சி கான்டாக்ட்ஸ்', மருத்துவத் தகவல் இரண்டும் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'எமர்ஜென்சி' என்று அடியுங்கள். ஐபோனில் 'ஹெல்த்' செயலிக்குள் 'மெடிக்கல் ஐடி'. மூன்று எண்களோடு ரத்த வகை, நோய், தினசரி மாத்திரை, ஒவ்வாமை ஆகியவற்றையும் நிரப்புங்கள். ரத்த வகை உறுதியாகத் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். கடைசியாக, பூட்டியிருக்கும்போதும் இதைக் காட்டலாம் என்ற அனுமதியை இயக்குங்கள். ஐபோனில் அது 'ஷோ வென் லாக்டு'. இந்த ஒரு பொத்தானை விட்டுவிட்டால் நிரப்பியதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

முன்பு 'ஐஸ்' (ICE, 'இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி' என்பதன் சுருக்கம்) என்ற பெயரில் ஓர் எண்ணைச் சேமிக்கச் சொல்வார்கள். 2005இல் பிரிட்டனின் ஆம்புலன்ஸ் ஊழியர் பாப் பிராட்சி கிளப்பிய நல்ல யோசனை அது. போன்களுக்குப் பூட்டு பரவலாக இல்லாத காலத்தில் பலித்தது. இன்று அது மட்டும் போதாது. கைரேகை வைத்துத் திறந்துகொள்வார்கள் என்றும் நம்ப வேண்டாம். விழுந்த வேகத்தில் போன் அணைந்து மீண்டும் உயிர்பெற்றால் கடவு எண் கேட்கும்.

பூட்டிய திரையில் 'எமர்ஜென்சி' பொத்தானுக்குள் போய்ப் பார்க்கலாம் என்பது உதவிக்கு ஓடிவரும் டீக்கடைக்காரருக்குத் தெரியாமலிருக்கலாம். அதனால் என் பரிந்துரை, திரையிலேயே எழுதிவிடுவது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பூட்டுத்திரையில் ஒரு வரி சேர்க்கும் வசதி உண்டு. 'அவசரத்துக்கு: அண்ணன்', அடுத்து எண். வசதி இல்லையென்றால் வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதிப் படம் பிடித்து, அதையே பூட்டுத்திரைப் படமாக வையுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால் திருப்பதியிலும் பெங்களூரிலும் படிப்பார்கள். வீட்டு முகவரி வேண்டாம். தங்கள் வீட்டு எண் வெளியே தெரிவதில் தயக்கம் உள்ள பெண்கள் அப்பாவின் அல்லது சகோதரரின் எண்ணைப் போடலாம்.

போன் நொறுங்கலாம், தொலையலாம். அதற்குத் தாள். அதே மூன்று எண்களையும் ரத்த வகையையும் சிறு அட்டையில் எழுதி, ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்து வையுங்கள். ஹெல்மெட்டின் பின்புறம் ஓர் ஒட்டுத்தாள். பழைய வண்டி வாங்கியிருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றுங்கள், பரிவாகன் தளத்தில் மொபைல் எண்ணைப் புதுப்பியுங்கள்.

பெயர் கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டீர்களா? உங்கள் மாத்திரை விவரம் அவர்களிடமும் இருக்கட்டும். அழைப்பு வந்தால் கேட்க வேண்டியவை: எந்த மருத்துவமனை, ஆள் பேசுகிறாரா, கூப்பிடுபவர் யார். "உங்க பையனுக்கு ஆக்சிடென்ட், உடனே ஜிபே பண்ணுங்க" என்று பணம் பறிக்கும் கும்பல்களும் இருப்பதால், மருத்துவமனைக்குத் தாங்களே போன் செய்து உறுதிப்படுத்தும் முன் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது என்று சொல்லிவையுங்கள். இரவில் போனை அமைதியில் போடுபவர் என்றால், ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். அந்த வசதி இரு வகைப் போனிலும் உண்டு.

எல்லாம் முடிந்ததும் போனைப் பூட்டி, பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "எங்க வீட்டுக்குப் பேசுங்க, பார்ப்போம்" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் திரையில் எழுத்து சிறியது, அல்லது அனுமதி இயங்கவில்லை. எண் மாறும் நாளில் எல்லா இடத்திலும் மாற்றுங்கள்.

போன் வைத்துக்கொள்ளாத பிள்ளைகளும் ஞாபகம் குறைந்த பெரியவர்களும் மீதி. காணும் பொங்கலன்று மெரினாவில் சென்னைப் போலீசார் குழந்தைகளின் கையில் பெற்றோர் எண்ணோடு பட்டை கட்டிவிடுகிறார்கள். தேர், திருவிழா, சபரிமலை என்று எங்கே கிளம்பினாலும் வீட்டிலேயே அப்படி ஒன்றைக் கட்டிவிடலாம். குழந்தையின் பெயரை எழுத வேண்டாம், அந்நியர் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை நம்பிவிடும். கூட வரும் ஒருவர் எண்ணும் ஊரில் இருக்கும் ஒருவர் எண்ணும், நனைந்தாலும் அழியாத மையில், போதும்.