காந்தள் செத்துப்போகவில்லை

“காட்டுச் செடிதானே, விதையை வீசிவிட்டால் தானாக வரும்.” என்னிடம் செங்காந்தள் விதை வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இரண்டு மாதம் கழித்து, “நீங்க கொடுத்தது சொத்தை விதை” என்று வந்து நிற்பார்கள்.

விதையில் குறையில்லை. காந்தள் ஒன்றும் அவரைக்கொட்டை அல்ல, போட்ட வாரமே தலைநீட்ட. சில விதை ஒரு மாதத்தில் முளைக்கும், சிலவற்றுக்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகும். ஒரே காயில் எடுத்த விதைகளே முன்னும் பின்னுமாகத்தான் வரும். முதல் மழையை நம்பி எல்லாம் ஒன்றாக முளைத்து, பின்னால் மழை ஏமாற்றினால் காட்டில் மொத்தமும் கருகிப்போகும் அல்லவா? அங்கே நூற்றில் ஒன்று பிழைத்தால் போதும். நம் தொட்டிக்கு அந்தக் கணக்கு ஆகாது. விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மணலும் மக்கிய இலையும் கலந்த மண்ணில் அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். ஈரம் இருக்கட்டும், தண்ணீர் தேங்க வேண்டாம். பிறகு அந்தத் தொட்டியைக் கிளறிப் பார்க்காமல் இருப்பதுதான் பெரிய வேலை.

“இந்த வருஷமே பூத்துடும்ல?” பூக்காது. விதையில் வந்த செடி பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் இதைக் கண்வலிக் கிழங்கு என்று பயிரிடுகிறார்கள். அவர்கள் விற்பது விதையை, நடுவது கிழங்கை! விதையிலுள்ள கோல்ச்சிசின், கீல்வாத மருந்துக்குப் போகிறது. அந்த விதை கிடைப்பதும் எளிதல்ல. சூலகத்தண்டு பூவைவிட்டு வெளியே மடங்கி நிற்பதால் மகரந்தம் தானாகச் சென்று சேர்வது குறைவு. காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்தால்தான் காய் நிறையப் பிடிக்கும்.

எல்லாவற்றிலும் அதிகச் செடிகளைக் கொல்வது “காய்ந்துவிட்டது, செத்துவிட்டது” என்ற நினைப்பு. நானும் கொன்றிருக்கிறேன். இரண்டாம் வருடக் கன்றுகள் தை மாதம் மஞ்சளாகி விழுந்ததும், தொட்டிகளைக் குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டு, கத்தரி நட்டேன். ஆடியில் குப்பைக்குழியில் இரண்டு கொடிகள், இலை நுனியைச் சுருட்டிக்கொண்டு வேலியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தன.

காந்தளுக்கு வருடத்தில் பாதிதான் மண்ணுக்கு மேல் வாழ்க்கை. பழைய கிழங்கு கொடிக்குத் தன்னைக் கொடுத்துச் சுருங்கிப்போகும். அதற்குள் புதுக் கிழங்கு ஒன்று கீழே திரண்டிருக்கும். அது இரண்டு கிளையாகப் பிரிந்திருப்பதால்தான் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். கோடையில் அது உறங்கும். பாவம் என்று அப்போது தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகும். உருளைக்கிழங்கைப் போல வெட்டி நடவும் முடியாது. முளைக்கும் கண் கிளை நுனியில் மட்டுமே. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை வீண்.

விதை எதற்கு, மலையில் தோண்டிவந்தால் ஆயிற்று என்பவர்களுக்கு ஒன்று: நீங்கள் ஒரு நொடியில் பிடுங்குவது அந்த மலையின் நான்கு வருட உழைப்பு.

பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பதும் பழைய பயம். அப்படியானால் குறிஞ்சிப்பாட்டில் தன் பூப்பட்டியலையே காந்தளில் தொடங்கிய கபிலருக்கு முதலில் வந்திருக்க வேண்டும். பார்ப்பதில் ஆபத்தில்லை, தின்பதில் இருக்கிறது. செடி முழுக்க விஷம். கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணித் தின்று இறந்தவர்கள் உண்டு. கையுறை போட்டுத் தொடுங்கள். குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

வெறுமையாகக் கிடக்கும் அந்தத் தொட்டியில் மறக்காமல் பெயர் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் யாரும் அதைக் கவிழ்த்துவிடவும் கூடாது, கிழங்கை அடுப்பில் ஏற்றிவிடவும் கூடாது.