பழைய கைபேசியும் கடைக்கு இரண்டாம் திரையாகும்

புதுக் கைபேசி வாங்கியதும் பழையதை மேசை அறையில் போட்டுவிடுகிறோம். பிள்ளைகள் படித்து முடித்த டேப்லெட்டும் அப்படியே கிடக்கிறது. இவற்றைக் கம்பியின்றியே நம் கணினிக்கு இரண்டாம் திரையாக ஆக்கலாம்.

இதனால் நமக்கு என்ன பயன்? பட்டமங்கலத் தெரு மளிகைக் கடையானாலும், உரக்கடையானாலும், கணினித் திரை நம் பக்கமே திரும்பியிருக்கிறது. பில் கைக்கு வந்த பிறகே வாடிக்கையாளர் விலையைப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் மறுபடி கூட்ட வேண்டும். ஐப்பசியில் தீபாவளிக் கூட்டமும் துலா நீராட வருவோரும் சேரும்போது இதற்கு நேரம் ஏது? ஒவ்வொரு சரக்கும் பில்லில் ஏறும்போதே அவர் கண்ணில் பட்டால் வாக்குவாதம் குறையும். மொத்த வியாபாரிகள் ஒரு திரையில் பில்லும் மறு திரையில் இருப்புப் பட்டியலும் வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை:

1. கணினியும் கைபேசியும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்க வேண்டும். கணினிக்குக் கேபிள் இணைப்பும் போதும்.

2. விண்டோஸ் கணினியில் 'ஸ்பேஸ்டெஸ்க்' மென்பொருளையும், கைபேசியில் அதன் செயலியையும் நிறுவ வேண்டும். சொந்த உபயோகத்துக்கு இது இலவசம். கடைக்கென்றால் உரிமம் பெற வேண்டும். மேக் கணினியும் ஐபேடும் வைத்திருப்போருக்கு 2019 முதல் 'சைட்கார்' வசதி உடன் வருகிறது; மிகப் பழைய கருவிகளில் அது இயங்காது.

3. செயலியைத் திறந்து, அதில் தெரியும் நம் கணினியைத் தொட்டால் இணைப்புக் கிடைக்கும்.

4. விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த நான்காம் படியில்தான் மிகுந்த கவனம் தேவை. 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தால் நாம் பார்ப்பதெல்லாம் வாடிக்கையாளருக்கும் தெரியும். நம் கொள்முதல் விலையும் அடுத்தவரின் கடன் பாக்கியும் கவுண்டருக்கு வெளியே போய்விடும். கடன் கணக்கு வெளியில் தெரிந்தால், பல ஆண்டு வாடிக்கையாளரும் மறுபடி நம் கடைப்படி ஏற மாட்டார். 'எக்ஸ்டெண்ட்' முறையில் நாம் இழுத்து விடும் சாளரம் மட்டுமே அங்கே தெரியும். வாடிக்கையாளருக்கான தனித் திரை நம் பில்லிங் மென்பொருளில் உண்டா என்று விற்றவரிடம் கேட்டறிவது நல்லது. இல்லையேல் அன்றைய விலைப்பட்டியலை மட்டும் அதில் வைக்கலாம்.

மேலும் சில எச்சரிக்கைகள். பழைய கைபேசியில் உள்ள வங்கிச் செயலிகள், படங்கள் அனைத்தையும் முற்றிலும் அழித்த பின்பே கவுண்டரில் வைக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. கடையின் வைஃபை கடவுச்சொல்லை வருவோர்க்கெல்லாம் கொடுக்கலாகாது. ரவுட்டரையும் யு.பி.எஸ்.ஸில் இணைத்தால் மின்தடையிலும் இரண்டாம் திரை அணையாது.

முதலில் ஒருநாள் கடை மூடிய பின் சோதித்து, வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நாமே நின்று பார்ப்போம். அங்கே என்ன தெரிகிறது, என்ன தெரியக்கூடாது என்பதை உறுதி செய்துகொண்டு மறுநாள் பயன்படுத்தத் தொடங்கலாம்.