மாமாவுக்கு டாக்டர் தேடுறியா? போன்ல இதைக் கேளு

நியூ ஜெர்சி எடிசன்ல டாக்டருக்கா பஞ்சம்? ஆனா உன் மாமனாரோட மெடிகேரை எடுத்துக்கணும், புது பேஷன்ட்டைச் சேர்த்துக்கணும், வீட்டுக்குப் பக்கத்துலயும் இருக்கணும்னா கொஞ்சம் மெனக்கெடத்தான் வேணும். கோயில் கேன்டீன்ல யாரோ சொன்னாங்கன்னு உடனே அப்பாயின்ட்மென்ட் போட்டுடாதே. அந்த டாக்டர் தங்கமானவராவே இருக்கட்டும். சொன்னவங்க பிளான் வேற, மாமா பிளான் வேற.

முதல்ல மாமா பர்ஸை வாங்கி கார்டைப் பாரு. சிவப்பு, வெள்ளை, நீலத்துல இருக்கிற அரசாங்க கார்டுலதான் வைத்தியம் ஓடுதுன்னா அது ஒரிஜினல் மெடிகேர். மெடிகேர் எடுத்துக்கிற எந்த டாக்டர்கிட்டயும் போகலாம், எந்த மாநிலமா இருந்தாலும் சரி. கூட ஒரு தனியார் கம்பெனி கார்டு இருந்து, அதுல ‘மெடிகேர் அட்வான்டேஜ்’, ‘ஹெச்எம்ஓ’, ‘பிபிஓ’ன்னு போட்டிருந்தா கதையே வேற. ஹெச்எம்ஓன்னா அந்த பிளானோட நெட்வொர்க்ல இருக்கிற டாக்டரைத்தான் தேடணும், பிபிஓன்னாலும் நெட்வொர்க்ல இருக்கிறவர்கிட்ட போனாதான் செலவு குறைவு. ஒரிஜினல் மெடிகேர் விட்ட செலவுக்கான மெடிகேப் கார்டும், மருந்துக்கான பார்ட் டி கார்டும்கூட தனியார் கம்பெனி பேர்லதான் வரும். அதோட குழப்பிக்காதே. எதுன்னு புரியலைன்னா 1-800-633-4227க்கு மாமாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு போன் பண்ணு. ராத்திரிலயும் எடுப்பாங்க.

ஒரிஜினல் மெடிகேர்னா மெடிகேர் டாட் கவ் தளத்துல ஜிப் கோடு போட்டு இன்டர்னல் மெடிசின்னு தேடலாம். அட்வான்டேஜ்னா பிளானோட டைரக்டரியைப் பாரு. ரெண்டுலயும் வர்ற லிஸ்ட்டை வேதவாக்கா எடுத்துக்காதே. ரிட்டையர் ஆனவங்க, ஆபீஸ் மாறிப் போனவங்க பேரெல்லாம் அதுல அப்படியே கிடக்கும். யாருக்கு போன் பண்றதுன்னு தெரிஞ்சுக்க மட்டும்தான் அந்த லிஸ்ட்.

போன்லதான் விஷயமே இருக்கு. ‘மெடிகேர் எடுத்துப்பீங்களா?’ன்னு மொட்டையா கேட்டா ஃப்ரன்ட் டெஸ்க்ல இருக்கிற பொண்ணு ‘யெஸ்’னு சொல்லிடும். எந்த மெடிகேர்னு அது கேட்காது, நீயும் சொல்லியிருக்க மாட்டே. அதனால, ‘மெடிகேர்ல இருக்கிற புது பேஷன்ட்டை இப்போ சேர்த்துக்கிறீங்களா?’ன்னு ஆரம்பி. பழைய பேஷன்ட்டுக்கு மட்டும் மெடிகேர் பார்க்கிற டாக்டருங்க உண்டு. ஒரிஜினல் மெடிகேர்னா அடுத்த கேள்வி, ‘அசைன்மென்ட் எடுத்துப்பீங்களா?’. அதாவது, மெடிகேர் ஒத்துக்கிற கட்டணமே போதும்னு டாக்டர் ஏத்துக்கிறாரான்னு அர்த்தம். அட்வான்டேஜ்னா கம்பெனி பேரோட நிறுத்தாம, கார்டுல இருக்கிற பிளான் பேரை முழுசா வாசிச்சுக் காட்டு. ஒரே கம்பெனிக்கு ஏகப்பட்ட பிளான் இருக்கும், ஒண்ணுல இருக்கிற டாக்டர் இன்னொண்ணுல இருக்க மாட்டார். அந்தப் பக்கம் தடுமாறினா பில்லிங் பார்க்கிறவங்ககிட்ட லைனைக் கொடுக்கச் சொல்லு. பேசினவங்க பேரையும் தேதியையும் குறிச்சு வச்சுக்கோ.

அசைன்மென்ட்டைப் பத்தி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அதுலதான் காசு போகும். ஒரு விசிட்டுக்கு மெடிகேர் ஒத்துக்கிற கட்டணம் 100 டாலர்னு வை. வருஷாந்திர டிடக்டிபிள் முடிஞ்சிருந்தா, அசைன்மென்ட் எடுத்துக்கிற டாக்டருக்கு மெடிகேர் 80 கொடுக்கும், மாமா 20 கொடுத்தா போதும். மெடிகேர்ல இருந்தும் அசைன்மென்ட் எடுத்துக்காத டாக்டர்னா ஒத்துக்கிற கட்டணமே 95தான், ஆனா அவர் அதுக்கு மேல 15 சதவீதம் வரைக்கும் கேட்கலாம். அதாவது 109 டாலர் 25 சென்ட். மெடிகேர் தர்றது 76, மீதி 33 சொச்சம் மாமா தலையில. பல சமயம் முழுப் பணத்தையும் முதல்ல கட்டிட்டு அப்புறம் திரும்ப வாங்கிக்கணும். மூணாவது ரகம் மெடிகேரை விட்டே விலகின டாக்டருங்க. அவங்க ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து கேட்பாங்க. போட்டா, அவசர சிகிச்சை தவிர அந்த டாக்டர் பார்க்கிற எதுக்கும் மெடிகேர் ஒரு சென்ட் தராது. யார் எந்தப் பேப்பரை நீட்டினாலும் மாமா கையெழுத்து போடுற ரகம், பார்த்துக்கோ.

மெடிகேர் எடுத்துக்கிட்டு அதுக்கு மேல வருஷச் சந்தாவும் கேட்கிற ‘கான்சியர்ஜ்’ டாக்டருங்களும் இருக்காங்க. அந்தச் சந்தாவை மெடிகேர் தராது. வசதி இருந்தா சேரட்டும், எனக்கென்னவோ மாமாவோட சுகர், பிரஷருக்கு அது அதிகப்படி. இன்டர்னல் மெடிசின் இல்லாம ஃபேமிலி மெடிசின் டாக்டர் கிடைச்சாலும் தாராளமா போகலாம், பெரியவங்களை அவரும் பார்ப்பார். புது பேஷன்ட்டுக்கு வாரக்கணக்குல காத்திருக்கச் சொன்னா, யாராவது கேன்சல் பண்ணினா கூப்பிடச் சொல்லி பேர் கொடுத்து வை.

தமிழ் டாக்டர்தான் வேணும்னு மாமா அடம் பிடிக்கலாம். கிடைச்சா சந்தோஷம். இல்லைன்னா அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் இன்டர்பிரட்டர் கேளு, போன்லயோ வீடியோலயோ வருவாங்க, பேஷன்ட்டுக்குச் செலவு கிடையாது. நீயே கூட நின்னு மொழிபெயர்க்கலாம்னு நினைக்காதே. ராத்திரி எத்தனை தடவை எழுந்து போறார்னு டாக்டர் கேட்டா, மருமகளை வச்சுக்கிட்டு அந்த மனுஷர் நிஜத்தைச் சொல்வாரா?

முதல் தடவை போறப்போ மாமாவோட மருந்துப் பெட்டியை அப்படியே தூக்கிட்டுப் போ. ஊர்ல இருந்து வந்த அட்டைகளையும் சேர்த்துத்தான். எக்கோஸ்ப்ரின், கிளைக்கோமெட்னு சொன்னா இங்கே பல டாக்டருங்களுக்குப் புரியாது. அட்டைக்குப் பின்னாடி ஆஸ்பிரின், மெட்ஃபார்மின்னு இருக்கும், அதையும் மில்லிகிராமையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கோ. டோலோ 650ல இருக்கிற பாராசிட்டமாலைத்தான் இங்கே அசெட்டமினோஃபென்னு சொல்றாங்க, டைலனால்ல இருக்கிறதும் அதேதான். ரெண்டும் வேற வேறன்னு நினைச்சு மாமா சேர்த்துப் போட்டுக்கிட்டா கல்லீரலுக்கு ஆபத்து.

மெடிகேர்ல டாக்டர் செலவுக்கான பார்ட் பி ஆரம்பிச்சு 12 மாசத்துக்குள்ள ‘வெல்கம் டு மெடிகேர்’ விசிட் ஒண்ணு இலவசம், அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு ‘வெல்னஸ்’ விசிட். ரெண்டும் தலை முதல் கால் வரைக்கும் பார்க்கிற ‘ஃபிசிக்கல்’ இல்லை. அன்னிக்கே மாமா முட்டி வலியையும் எடுத்து விட்டா அதுக்குத் தனி பில் வரலாம்.

அட்வான்டேஜ்ல இருந்தா, வருஷா வருஷம் அக்டோபர் 15லிருந்து டிசம்பர் 7க்குள்ள, இந்த டாக்டர் அடுத்த வருஷமும் நெட்வொர்க்ல இருப்பாரான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுடு. இல்லைன்னா பிளானை மாத்த அதுதான் நேரம். எதை எடுக்கிறதுன்னு குழப்பமா இருந்தா ‘ஷிப்’னு ஒரு இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கு, நியூ ஜெர்சியில கவுன்ட்டிக்கு கவுன்ட்டி உண்டு. அவங்க எதையும் விற்க வர்றவங்க இல்லை. புது டாக்டர் முடிவானதும் பழைய கிளினிக்ல ரெக்கார்ட்ஸ் அனுப்பச் சொல்லி மாமாகிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுத்துடு.