முதலில் ஆம்பியரைப் பாருங்கள்

வண்டலூரில் என் வீட்டு மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேளம்பாக்கம் சாலைக் கல்லூரி மாணவர்கள். "சார், அஞ்சு வோல்ட் சரியா வருது, ஆனா போர்டு ஓடல" என்பார்கள். என் பவர் சப்ளையில் அந்த போர்டை மாட்டியதும் என் கண் வோல்ட்டுக்குப் போகாது, ஆம்பியருக்குத்தான் போகும். 50 மில்லிஆம்ப் இழுக்க வேண்டிய ஆர்டுயினோ போர்டு சைபர் காட்டினால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. அதுவே அரை ஆம்ப் காட்டினால் ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது கெபாசிட்டரைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் வோல்ட் மீட்டர் 5.0 என்றே காட்டக்கூடும்.

அதனால் புது போர்டுக்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இது: கரண்ட் லிமிட்டை 100 மில்லிஆம்புக்கு இறக்கிவிட்டு, வோல்டேஜைச் சைபரிலிருந்து மெல்ல ஏற்றுவேன். இரண்டு வோல்ட்டிலேயே ஆம்பியர் லிமிட்டை முட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம். எதுவும் கருகாது.

இதற்கு மீட்டர் உண்மை சொல்ல வேண்டும். ரிச்சி தெருவில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் 100 வோல்ட், 10 ஆம்ப் டிஜிட்டல் மீட்டர், சிவப்பு எழுத்தில் வோல்ட்டும் நீல எழுத்தில் ஆம்பும் காட்டுவது, நல்ல மீட்டர்தான். தவறு பெரும்பாலும் வயரிங்கில் நடக்கிறது. அதில் தடித்த வயர் இரண்டு, மெல்லிய வயர் மூன்று. தடித்த இரண்டுக்கும் நடுவில் ஷண்ட் இருக்கிறது. அதை நெகட்டிவ் லைனில்தான் போட வேண்டும். மெல்லிய கறுப்பு, ஷண்ட்டின் ஒரு முனையோடு உள்ளேயே சேர்ந்திருக்கும். எந்த முனை என்பதை மீட்டர் போர்டின் தடத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்; ஷண்ட்டின் மின்தடை மிகக் குறைவு என்பதால் மல்டிமீட்டர் இரண்டு முனையிலும் பீப் அடிக்கும். வயர் நிறம் சரக்குக்குச் சரக்கு மாறுவதால் நிறத்தை நம்பக் கூடாது. அந்த முனைதான் சப்ளையின் நெகட்டிவுக்குப் போக வேண்டும். மெல்லிய கறுப்பை லோடு பக்கம் சேர்த்துவிட்டால் கரண்டில் ஒரு பகுதி ஷண்ட்டைச் சுற்றிக்கொண்டு அந்த மெல்லிய வயர் வழியாக ஓடும். ஆம்ப் குறைவாகக் காட்டும், வயரும் சூடாகும்.

அடுத்தது மீட்டருக்கான மின்சாரம். அது கேட்பது 4.5 முதல் 30 வோல்ட். அவுட்புட்டிலிருந்தே கொடுத்தால், 3.3 வோல்ட்டுக்கு இறக்கும்போது மீட்டர் அணைந்துவிடும். ரெக்டிஃபையருக்குப் பின்னால் இருந்து எடுக்கலாமே என்பார்கள். 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அங்கே லோடு இல்லாதபோது 32 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், மீட்டர் தாங்காது. தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் அடாப்டர் போர்டைப் பெட்டிக்குள் வைப்பதே நல்லது. பிளஸ்-மைனஸ் சப்ளை கட்டுகிறவர்கள் இரண்டு மீட்டருக்கும் ஒரே அடாப்டரைக் கொடுத்தால், இரண்டு சப்ளையின் நெகட்டிவும் மீட்டர் வழியே ஒன்றாகிவிடும். பிறகு தொடரில் போட்டதும் ஷார்ட். மீட்டருக்கு ஒன்றாக, தனித்தனி அடாப்டர் வேண்டும். பழைய ஐசிஎல் 7107 மீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் தனி சப்ளை பழக்கம்தான் பாதுகாப்பு.

வாங்கியதும் சரிபார்க்க வேண்டும். பின்பக்கம் சின்ன ப்ரீசெட் இருக்கும். நான் லோடாக வைப்பது பைக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் பல்பு. 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்ப் இழுக்கும். நம்பகமான மல்டிமீட்டரைத் தொடரில் போட்டு, பல்பு சூடாகி நிலைத்த பிறகு ப்ரீசெட்டைத் திருப்புங்கள். பல்பு குளிர்ந்திருக்கும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் அவசரப்படக் கூடாது.

வோல்ட்டை அளக்கும் இடமும் முக்கியம். அதற்கான மெல்லிய வயரை அவுட்புட் டெர்மினலிலேயே சேர்க்க வேண்டும். அப்படியும் டெர்மினலிலிருந்து போர்டு வரை போகும் வயரில் இழப்பு உண்டு. மலிவான கிராக்கடைல் கிளிப் வயர் இரண்டும் சேர்ந்து அரை ஓம் இருந்தால், ஒரு ஆம்பில் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். மீட்டரில் 5.0, போர்டில் 4.5.

முள் மீட்டரை நான் இன்னும் கழற்றவில்லை. துல்லியத்தில் அது பின்தங்கியதுதான்: கிளாஸ் 2.5 என்றால் முழு அளவில் இரண்டரை சதவீதம். 30 வோல்ட் மீட்டரில் அது முக்கால் வோல்ட், 3.3 வோல்ட் வைக்க அதை நம்ப முடியாது. ஆனால் டிஜிட்டல் எண் நொடிக்குச் சில தடவைதான் மாறும். மோட்டார் கிளம்பும்போது முள் துள்ளுவதை அது காட்டாது. ஈஎஸ்பி32 வைஃபையில் சில நூறு மில்லிஆம்ப் இழுக்கும் மில்லிசெகண்டுகளை இரண்டுமே காட்டா. அதற்கு ஆஸிலாஸ்கோப் வேண்டும். இரண்டு மீட்டரும் சரியாக இருந்தும் போர்டு தானாக ரீசெட் ஆனால், அந்தச் சந்தேகத்தை முதலில் எழுப்புங்கள்.

எங்கள் பக்கம் கோடை மாலையில், தெருவெல்லாம் ஏசி ஓடும்போது, மெயின்ஸ் வோல்டேஜ் 230-இலிருந்து நன்றாக இறங்கிவிடும். அப்போது சப்ளையின் உள்ளே ஃபில்டர் கெபாசிட்டரில் போதிய வோல்ட் நிற்காது. எல்எம்317 போன்ற ரெகுலேட்டருக்கு அவுட்புட்டை விட 2 அல்லது 3 வோல்ட் கூடுதலாக வேண்டும். அது கிடைக்காவிட்டால், 15 வோல்ட் வைத்து லோடு ஏற்றியதும் எண் வழுக்கும். போர்டைக் குறை சொல்வதற்கு முன் பார்ப்பதற்காக, பெட்டியின் இடது ஓரத்தில் ஒரு ஏசி வோல்ட் மீட்டரையும் பொருத்தியிருக்கிறேன்.